நவம்பர் 1956: இரண்டு படையெடுப்புகள், ஒரு மௌனம்

சூயஸைப் பேசுகிறவர்கள் ஹங்கேரியைப் பேசுவதில்லை. ஹங்கேரியைப் பேசுகிறவர்களுக்கு சூயஸ் ஞாபகம் வருவதில்லை. முன்னது ஏகாதிபத்திய எதிர்ப்பின் கதையாடலில் ஓர் அத்தியாயம். பின்னது பனிப்போரின் கதையாடலில் ஓர் அத்தியாயம். இப்படிப் பிரித்து அடுக்கி வைத்ததே அதிகாரத்தின் வேலைதான் என்பது என் வாசிப்பு. 1956 நவம்பரை ஒரே பிரதியாக வைத்துப் படித்தால் இது தெரியும்.

ஜூலை 26இல் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அக்டோபரில் பாரிசுக்கு அருகே செவ்ர் என்ற ஊரில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் ரகசியமாகக் கூடி நாடகத்தை எழுதி முடித்தன. இஸ்ரேல் எகிப்தைத் தாக்கும். மற்ற இருவரும் சண்டையை விலக்கிவிட வருகிறவர்கள் மாதிரி உள்ளே நுழைவார்கள். அக்டோபர் 29இல் அது அரங்கேறியது. அதற்கு ஆறு நாள் முன்புதான் புடாபெஸ்டில் மாணவர்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். நவம்பர் 1இல் பிரதமர் இம்ரே நாகி, வார்சா ஒப்பந்தத்திலிருந்து ஹங்கேரி விலகுவதாக அறிவித்தார். 4ஆம் தேதி விடிகாலையில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டைத் தாக்கின. மறுநாள் பிரிட்டிஷ், பிரெஞ்சு பாராசூட் படைகள் எகிப்தின் போர்ட் சயீதில் இறங்கின. அன்றைக்கே சோவியத் பிரதமர் புல்கானின், எகிப்தைத் தாக்குவது அநியாயம் என்று லண்டனுக்கும் பாரிசுக்கும் மிரட்டிக் கடிதம் எழுதுகிறார். புடாபெஸ்டில் அவருடைய பீரங்கிகள் இன்னும் ஓயவில்லை.

அவர் எழுதியது பொய்யில்லை, அதுதான் சிக்கல். ஹங்கேரிக்காக மேற்கு விட்ட கண்டனமும் பொய்யில்லை. இவன் குற்றம் அவனுக்குத் திரைச்சீலை. அவன் குற்றம் இவனுக்கு.

நவம்பர் 22இல் மெல்பர்னில் ஒலிம்பிக் தொடங்கியது. எகிப்து, இராக், லெபனான் சூயஸுக்காக விலகின. நெதர்லாந்து, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து ஹங்கேரிக்காக விலகின. ஃபிராங்கோவின் ஸ்பெயினுக்கு அடுத்தவன் சுதந்திரத்தின் மேல் வந்த கரிசனத்தைப் பாருங்கள்! இரண்டுக்குமாகச் சேர்த்து விலகிய நாடு ஒன்றுகூட இல்லை.

நாமும் இதற்கு வெளியே நிற்கவில்லை. சூயஸ் விஷயத்தில் நேரு உடனே கண்டித்தார். ஹங்கேரி பற்றி நவம்பர் 4இல் ஐ.நா. பொதுச்சபையில் வந்த தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. சோவியத் படை வெளியேற வேண்டும், ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடக்க வேண்டும் என்று 9ஆம் தேதி வந்த தீர்மானத்தை எதிர்த்தே வாக்களித்தது. ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் என்ற வாசகத்துக்குப் பின்னால் டெல்லிக்குக் காஷ்மீர் தெரிந்தது என்று சொல்வார்கள். இருக்கலாம். அப்படியானால் அணிசேராமை என்பதும் ஓர் அரசின் கணக்குதான்.

இந்தக் கணக்குகள் எதிலும் வராதவர்கள் ஹங்கேரியத் தொழிலாளர்கள். டாங்கிகள் நுழைந்து பத்து நாள் கழித்து, நவம்பர் 14இல், புடாபெஸ்ட் ஆலைகளின் பிரதிநிதிகள் கூடி மத்தியத் தொழிலாளர் கவுன்சிலை அமைத்தார்கள். வேலைநிறுத்தம்தான் அவர்கள் கையிலிருந்த ஆயுதம். சோவியத் படை வெளியேற வேண்டும் என்றார்கள். ஆலைகளைப் பழைய முதலாளிகளிடம் திருப்பிக் கொடுக்கவும் கூடாது என்றார்கள். மாஸ்கோவுக்கு இது எதிர்ப்புரட்சி. மேற்குக்கோ இதில் பாதியை மட்டும்தான் காதில் வாங்க முடிந்தது.

'இந்த நேரத்தில் இதைப் பேசினால் எதிரிக்கு உதவியாகிவிடும்' என்ற வாதம் நம் கூட்டங்களில் இன்றும் கேட்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கவுன்சிலின் தலைவர் ஷாண்டோர் ராட்ஸ் நினைவுக்கு வருகிறார். ஆலைத் தொழிலாளி, வயது 23. டிசம்பர் 11இல் பேச்சுவார்த்தைக்கு என்று நாடாளுமன்றத்துக்குக் கூப்பிட்டு அங்கேயே கைது செய்தார்கள். கூப்பிட்டது தொழிலாளர் அரசு.