கணக்கு கேட்ட ஏரி

‘‘நெல்லு வீடு வந்தா போதுமா தம்பி? கணக்குத் தீரணுமில்ல!’’ குள்ளஞ்சாவடி பஸ் ஸ்டாப்பில், குத்தகைக்குப் பயிர் வைக்கும் பெரியவர் ஒருவர் சொன்னார். பி.காம். படித்த எனக்குச் சுருக்கென்றது.

யோசித்துப் பாருங்கள். வேட்டைக்காரனிடம் மிஞ்சியது கொஞ்சம். விதைத்தவனிடம் தானியம் குவிந்தது. அதைக் காக்கக் களஞ்சியம், காவல். பங்கு பிரிக்க அதிகாரி, வரி, ராஜா! சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் இராக்கின் உருக் நகரில் களிமண் பலகையில் எழுதினார்களே... கவிதையா? பெரும்பாலும் பார்லிக் கணக்கு, ஆட்டுக் கணக்கு!

நம்மூரிலும் அதே கதைதான். இதே கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரி, 10-ம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. கரை காக்க, தூர் வார, மடை திறக்க ஒற்றை ஆளால் ஆகுமா? அவன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) வழி சொல்கிறது: குடவோலையில் ஆள் எடுத்து, ஏரி வாரியம். ஒரு விதி பாருங்கள்... முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் உள்ளே வர முடியாது!

சபாஷ் போடத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். ஓலையில் பெயர் எழுத, வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும்.

நம் குத்தகைக்காரப் பெரியவர் அன்றைக்குப் பிறந்திருந்தால், நெல் விளைவித்திருப்பார். கணக்கு மட்டும் கேட்டிருக்க முடியாது.