‘டிரைப்’ என்ற சொல்: ரோமிலிருந்து கல்வராயன் மலை வரை

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையில் வாழும் மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். இவர்களுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. பேசுவது தமிழ். மலையில் வாழ்பவர் என்பதே பெயரின் பொருள். அரசுச் சான்றிதழில் இவர்கள் ‘ஷெட்யூல்டு டிரைப்’, அதாவது பட்டியல் பழங்குடியினர். இந்த ‘டிரைப்’ என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது?

இதன் மூலம் ‘டிரிபுஸ்’ என்ற லத்தீன் சொல். பழைய ரோமில் வரி வசூலிக்கவும், படைக்கு ஆள் எடுக்கவும், ஓட்டுப் போடவும் குடிமக்களைப் பிரித்து வைத்தார்கள். அந்தப் பிரிவுதான் டிரிபுஸ். கி.மு. 241-ல் இது 35 ஆனது. அதன் பிறகு கூடவில்லை. கப்பம் என்று பொருள்படும் ‘டிரிப்யூட்’டும் இதே குடும்பத்துச் சொல்தான். ஆக, ரோமில் டிரிபுஸைச் சேர்ந்தவர் என்றால் காட்டுவாசி அல்ல, முழு உரிமையுள்ள குடிமகன்!

ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் பைபிளில் வரும் இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களைக் குறித்தது. ஐரோப்பியர் நாடு பிடிக்கப் புறப்பட்ட பிறகுதான் ‘நாகரிகம் எட்டாத கூட்டம்’ என்ற பொருள் ஒட்டிக்கொண்டது.

1909-ல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதில் மலையாளிகளைச் சமவெளியிலிருந்து மலையேறிய தமிழ் உழவர்கள் என்கிறார். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்ததாக அவர்களே சொல்லும் கதையும் உண்டு. அப்படியானால் இவர்கள் ‘டிரைப்’ தானா?

அரசியல் சட்டம் இச்சொல்லுக்கு இலக்கணம் சொல்லவில்லை. 342-வது பிரிவின்படி குடியரசுத் தலைவர் அறிவிக்கும் பட்டியலில் இருப்பவரே பழங்குடியினர். 1965-ல் லோகூர் குழு ஐந்து அடையாளங்களைச் சொன்னது: தொன்மையான வாழ்முறை, தனிப் பண்பாடு, ஒதுங்கிய இருப்பிடம், வெளியாரிடம் பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை.

தமிழ்நாட்டுப் பட்டியலில் மலையாளி என்ற பெயருடன் சேலம், தென்னார்க்காடு, வடார்க்காடு எனச் சில மாவட்டங்களும் குறிக்கப்பட்டுள்ளன. கல்வராயனின் இப்பகுதி பழைய தென்னார்க்காடு; 1993-ல் விழுப்புரம் மாவட்டமானது, 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டமானது. அதனால் இங்குள்ளவர்களுக்குத் தகுதி உண்டு. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலை முன்பு கோவை மாவட்டத்தில் இருந்தது. கோவையின் பெயர் அதில் இல்லை. எனவே அங்குள்ள மலையாளிகள் பழங்குடிச் சான்றிதழ் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடி வந்திருக்கிறார்கள்.

கல்வராயன் மக்கள் 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் கீழ் இருந்தவர்கள். அவர்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரி இடமும் உதவித்தொகையும் கிடைக்க இந்தச் சான்றிதழ் வேண்டும். ரோமில் குடிமகனின் உரிமையைக் குறித்த சொல், இங்கேயும் கடைசியில் உரிமைக்கான சொல்லாகத்தான் வந்து நிற்கிறது. ஆனால் எந்த மலையில் பிறந்தோம் என்பதைப் பொறுத்து!