இருபுறமும் ஒன்றான பின்னல்



குளிர்காலத்தில் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் கம்பளி மப்ளரை நீங்கள் அறிவீர்கள். அதன் இருமுனையிலும் நூற்குஞ்சங்கள் தொங்கும். சில மப்ளர்களை எப்புறம் திருப்பினாலும் ஒரே தோற்றமே தெரியும். இந்த எளிய ஆடைக்குள் இங்கிலாந்தின் தொழில் வரலாற்றில் ஒரு பகுதி அடங்கியுள்ளது. அதனையே இன்று நான் உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

நெசவுக்குப் பாவும் ஊடையும் வேண்டும். பின்னலுக்கோ ஒரு நூலும் இரண்டு ஊசிகளும் போதும். ஒரு கண்ணியினூடே மற்றொரு கண்ணியை இழுப்பதே பின்னல். புதிய கண்ணியைப் பின்னிருந்து முன்னே இழுத்தால் அதன் வழவழப்பான முகம் நம்மை நோக்கும். முன்னிருந்து பின்னே இழுத்தால் புடைத்த முகம் நம்மை நோக்கும். துணியின் ஒரு பக்கத்தில் ஒரே வகை முகம் மட்டும் அமைந்தால், மறுபக்கம் வேறாகத் தோன்றும், ஓரமும் சுருளும். இருவகைக் கண்ணிகளையும் மாறி மாறி அமைத்தால், துணி வரிவரியாக எழுந்து இருபுறமும் ஒத்திருக்கும். வரிகளுக்கிடையே காற்றுத் தங்குவதால் வெப்பமும் மிகும். கைத்திறன் உடையோர்க்கு இஃது எளிது. இயந்திரத்திற்கோ நெடுங்காலம் கைகூடவில்லை.

1589ஆம் ஆண்டில், நாட்டிங்காம் நகருக்கு அருகிலுள்ள கால்வர்ட்டன் என்னும் சிற்றூரில், வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் இயந்திரத்தை அமைத்தார். முதலாம் எலிசபெத் அரசியார் அதற்குத் தனியுரிமை வழங்கவில்லை. கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வாழ்வு கெடும் என்று அவர் அஞ்சியதாக வழிவழியாகக் கூறுவர். லீ பிரான்சு சென்றார். அங்கே ஆதரவளித்த நான்காம் ஹென்றி மன்னர் 1610இல் கொலையுண்டார். லீயும் அந்நாட்டிலேயே மறைந்தார். எனினும் அவருடைய இயந்திரம் பின்னர் இங்கிலாந்தில் பரவியது.

அவ்வியந்திரம் ஒருமுகப் பின்னலையே அறியும். வரிப்பின்னலுக்கு ஏற்ற இயந்திரம் தோன்ற ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆயின. டார்பி நகரின் ஜெடிடயா ஸ்ட்ரட் என்பவர், முதல் ஊசி வரிசையோடு இரண்டாவது வரிசை ஒன்றை இணைத்து, 1759இல் அதற்குத் தனியுரிமை பெற்றார்.

தொழில் வளர்ந்தது, தொழிலாளர் நிலையோ தாழ்ந்தது. அகலமான பின்னல் துணியை வெட்டித் தைத்து, மலிவான காலுறைகளை விற்கும் வழக்கம் பெருகியது, கூலி குறைந்தது. 1811இல் நாட்டிங்காம் வட்டாரத்துத் தொழிலாளர் இயந்திரங்களை உடைக்கத் தொடங்கினர். லுடைட்டுகள் எனப்பட்டோர் இவர்களே. இயந்திரத்தால் பிழைத்த குடும்பங்களில் பிறந்தவர்களே அதனை உடைத்தனர் என்பதை நீங்கள் மறத்தல் கூடாது. அவர்களுடைய சினம், இயந்திரத்தைக் கொண்டு கூலியைக் குறைத்த முதலாளிகள்மீது எழுந்தது. இயந்திரத்தை உடைப்போருக்கு மரண தண்டனை விதிக்கும் மசோதா வந்தபோது, கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் 1812 பிப்ரவரி 27ஆம் நாள் அதனை எதிர்த்துப் பேசினார். அச்சபையில் அவரது முதற்பேச்சு அதுவே. ஆயினும் அவ்வாண்டிலேயே சட்டம் நிறைவேறிற்று.

புதிய கருவியைத் தடுத்தும் அரசியாரால் அதன் வரவை நிறுத்த இயலவில்லை. உழைப்பாளரின் குறையைக் கேளாது தண்டனையை ஏவிய பிற்காலத்தாரோ பழிக்கு ஆளாயினர். கருவி வரட்டும், அதன் பயனில் உழைப்பவனுக்கும் பங்கு கிடைக்கட்டும் என்று கேட்பதே நேர்மை. புதிய இயந்திரம் ஒன்றைப் பற்றி நீங்கள் படிக்கும்போது, அதனால் யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு என்னும் இருபுறத்தையும் எண்ணிப் பாருங்கள்.