எதிர்க்கடிதத்துக்கும் இடம் தந்த இதழ்: உதயதாரகையும் தமிழ்க் கிறிஸ்தவச் செய்தி மரபும்

1841 ஜனவரி 7-ஆம் நாள், வியாழக்கிழமை, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் அச்சகத்திலிருந்து ‘உதயதாரகை’ முதல் இதழ் வெளிவந்தது. மாதம் இருமுறை, தமிழும் ஆங்கிலமுமாக வந்த இந்த இதழை இலங்கைத் தமிழ் இதழியலின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடுவார்கள். ‘முதல்’ என்ற பெருமையைப் பற்றி இக்கட்டுரைக்கு அதிகம் சொல்ல இல்லை. சென்னையில் 1831-லேயே கிறிஸ்தவத் துண்டுப்பிரசுரச் சங்கம் ‘தமிழ் மேகசின்’ என்ற இதழை நடத்தியிருக்கிறது. இங்கே ஆராயப்படுவது வேறு. கிறிஸ்தவர் நடத்திய சமயச் செய்தி இதழ்களில் தமிழர்களைப் பற்றி எழுதியவர் யார், அதைப் படித்தவர் யார், மாற்றுச் சமயத்தாரின் குரல் அங்கே எப்போது எந்த அளவில் ஒலித்தது? இந்தக் கேள்விகளோடு பார்த்தால் உதயதாரகையின் முதல் சில ஆண்டுகள் நம் சமய வரலாற்றில் மிகவும் அரிய காலமாகத் தெரிகின்றன.

கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. மிஷனரி சீகன்பால்க் 1706-இல் அங்கு வந்து இறங்கிய சில ஆண்டுகளுக்குள், அவரும் தோழர்களும் அனுப்பிய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஜெர்மனியின் ஹாலே நகரத்தார் தொடர் வெளியீடாக அச்சிடத் தொடங்கினார்கள். 1710 முதல் வந்த இந்த ‘ஹாலே அறிக்கைகள்’ உலகின் மிகப் பழைய மிஷன் செய்தி வெளியீடுகளுள் ஒன்று. தமிழகத்துக் கோயில்கள், சாதிகள், மருத்துவம், பஞ்சம், திருமணம் என்று எத்தனையோ செய்திகள் அதில் உண்டு. 1712 முதல் 1714 வரை சீகன்பால்க்கும் அவருடைய தோழர் க்ருண்ட்லரும் தமிழ் அறிஞர்களிடம் கேள்விகள் அனுப்பிப் பதில் பெற்றார்கள். கடவுள், பாவம், வழிபாடு, கிறிஸ்தவர்களின் நடத்தை ஆகியவை பற்றித் தமிழர் எழுதிய ஏறக்குறைய நூறு கடிதங்கள் ஜெர்மன் மொழியாக்கமாக அந்த வெளியீட்டில் இடம்பெற்றன. ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் குடியையும் முறைகேடுகளையும் அவற்றுள் சில நேராகவே கண்டித்தன.

கிறிஸ்தவ வெளியீடு ஒன்றில் சைவரும் வைணவரும் தம் சொந்தக் குரலில் பேசியதற்கு இது முன்னோடிச் சான்று. ஆனால் எழுதிய தமிழர் அதை அச்சில் படித்திருக்கப் போவதில்லை. யாருடைய ஊரைப் பற்றிய செய்தியோ அந்த ஊராருக்கே அது எட்டவில்லை. நூறாண்டு கழித்தும் இந்நிலை பெரிதாக மாறவில்லை. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனரிகளின் அறிக்கைகளை அவர்களுடைய சங்கம் பாஸ்டனிலிருந்து வெளியிட்ட ‘மிஷனரி ஹெரால்டு’ இதழில் அமெரிக்கச் சபையார் படித்தார்கள். வட்டுக்கோட்டையில் நடந்ததை வட்டுக்கோட்டைக்காரர் அச்சில் படிக்க வழியில்லாமல் இருந்தது.

அந்த வழி தாமதமானதற்கு ஆட்சியும் ஒரு காரணம். 1820-இல் ஜேம்ஸ் காரெட் என்ற அமெரிக்க அச்சர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது இலங்கையின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அவரைத் தங்கவிடாமல் வெளியேற்றிவிட்டார். காரெட் பம்பாய்க்குப் போனார். 1833-இல் தடை தளர்ந்து ஈஸ்ட்மன் மைனர் என்ற அச்சர் வந்த பிறகே மானிப்பாயில் அச்சுத் தொழில் நிலைபெற்றது. வேதாகமப் பகுதிகள், பள்ளிப் புத்தகங்கள், துண்டுப்பிரசுரங்கள் என்று தொடங்கி, 1842-இல் ‘மானிப்பாய் அகராதி’ என்று இன்றும் வழங்கும் தமிழ் அகராதி வரை அங்கே அச்சானது.

அச்சுப்பொறி மட்டும் இதழை உண்டாக்கிவிடாது. படிக்கவும் எழுதவும் வாதிடவும் தெரிந்த ஒரு தலைமுறை வேண்டும். 1823-இல் அமெரிக்க மிஷனரி டேனியல் புவர் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி அதைத் தந்தது. அங்கே ஆங்கிலமும் தமிழ் இலக்கணமும் கணிதமும் வானியலும் ஒரே கூரையின் கீழ் பயிலப்பட்டன. 1829 மார்ச்சில் வந்த சந்திர கிரகணத்தைப் பற்றி ஊர்ப் பஞ்சாங்கக் கணிப்புக்கும் புவரின் கணிப்புக்கும் வேறுபாடு எழுந்து, குறித்த இரவில் மக்கள் வானத்தைப் பார்த்து ஒப்பிட்ட நிகழ்ச்சி பின்னாளில் பலராலும் எழுதப்பட்டது. மிஷனரிகள் இதைத் தம் சமயத்தின் வெற்றியாகவே எழுதினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கிரகணத்தைச் சரியாகக் கணித்தது வானியல். அதனால் சிலுவையின் செய்தி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் சான்றைப் பொதுவெளியில் வைத்து எல்லாரும் சரிபார்க்கலாம் என்ற பழக்கம் அந்த ஊரில் வேர் கொண்டது. உதயதாரகை அந்தப் பழக்கத்தின் பிள்ளை.

இதழின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும். பெயரைப் பார்த்து வெள்ளையர் என்று எண்ணிவிடக் கூடாது. இருவரும் செமினரியில் படித்த தமிழர்கள். மிஷன் பள்ளிகளில் ஒரு பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளர் தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு வைக்கச் சொல்லும் வழக்கம் இருந்தது. பிறந்த பெயரை இழந்த வலி அந்த வழக்கத்தில் உண்டு. திருச்சபை அதை இன்னும் போதிய அளவு பேசவில்லை. ஆயினும் அந்தப் பெயர்களைச் சுமந்த இளைஞர்களே தமிழருக்குத் தமிழில் செய்தி எழுதும் பொறுப்பை ஏற்றார்கள். ஹாலே அறிக்கைகளில் கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தில் நின்ற தமிழர், இங்கே ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தார்கள். பணமும் அச்சகமும் மிஷனுடையவை என்பதால் அது முழு உரிமை ஆகாது. ஆனாலும் மாற்றம் பெரிது.

கல்வி, விஞ்ஞானம், இலக்கியம், விவசாயம், அரசாட்சி, சமயம் ஆகியவற்றோடு முக்கியச் செய்திகளின் சுருக்கமும் தருவதாக இதழ் அறிவித்தது. சமயத்தைப் பேச வந்த இதழ் விவசாயத்தையும் அரசாட்சியையும் சேர்த்துக்கொண்டது தற்செயலாக நடந்ததன்று. கடவுளின் அக்கறை வயலையும் அரசுக் கச்சேரியையும் உள்ளடக்கியது என்ற நம்பிக்கை அதன் அடியில் இருந்தது.

சைவத்தைப் பற்றி இதழ் எழுதிய தொனி பல இடங்களில் கடுமையானது. புராணங்களையும் கோயில் வழிபாட்டையும் இழிவாகப் பேசுவதை அக்கால மிஷன் எழுத்து ஒரு கடமைபோலச் செய்தது. யாழ்ப்பாணத்தார் கோயில் மண்டபத்தில் பயன் சொல்லிக் கேட்டு உருகும் கந்தபுராணம் மிஷனரிகளின் தாக்குதலுக்கு முதல் இலக்கு. மறுபக்கமும் சும்மா இருக்கவில்லை. முத்துக்குமாரக் கவிராயர் ‘ஞானக்கும்மி’, ‘ஏசுமத பரிகாரம்’ ஆகியவற்றால் பாட்டிலேயே பதிலடி கொடுத்தார். ஆனால் அச்சு சைவர் கையில் இல்லை.

இந்தச் சூழலில்தான் அந்தக் கடிதம் வருகிறது. மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த பீற்றர் பெர்சிவலின் பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, அவருடைய வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற நல்லூர் ஆறுமுகம், தம் பெயரை வெளியிடாமல் உதயதாரகைக்கு எழுதினார். வேதாகமத்தை வரிவரியாகப் படித்தவருடைய வாதம் அது. இஸ்ரவேலரின் ஆலயத்தில் விளக்கும் தூபமும் அபிஷேகமும் பலியும் உண்டு. அவற்றைத் தேவன் கட்டளையிட்டார் என்று நம்புகிறவர்கள் சைவர் கோயிலில் அதுபோன்றவற்றைக் கண்டு எள்ளுவது எப்படி நியாயம்? இதுவே அதன் சாரம். கிறிஸ்தவ இதழ் அதை அச்சிட்டது.

இந்த ஒரு செயலுக்கு நான் மிகுந்த மதிப்பு கொடுக்கிறேன். எதிர்வாதம் பலவீனமாக இருந்தால் அச்சிடுவது எளிது. இந்த வாதம் பலவீனமானதன்று; பழைய ஏற்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு புராட்டஸ்தாந்தக் கண்டனத்தின் நடுவில் விரலை வைத்தது. உண்மைக்கு அஞ்சாத நம்பிக்கை இல்லாதவர் அதைக் கூடையில் போட்டிருப்பார். 1842-இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவர் கூடி, தமக்கென ஒரு பாடசாலையும் அச்சகமும் வேண்டும் என்று பேசிய செய்தியும் உதயதாரகையிலேயே வந்தது. தன் எதிரணி திரளும் செய்தியைத் தானே சொன்ன இதழ் அது.

ஆறுமுகம் 1847 டிசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் தம் முதல் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலை. 1849-இல் அச்சுப்பொறி வாங்கச் சென்னை சென்றபோது திருவாவடுதுறை ஆதீனம் தந்த ‘நாவலர்’ பட்டம். 1854-இல் ‘சைவதூஷண பரிகாரம்’. அந்நூல் உதயதாரகைக் கடிதத்தின் வாதத்தையே வேதாகம மேற்கோள்களால் விரித்தது. அதற்குக் கிறிஸ்தவர் தரப்பில் ‘சுப்பிரதீபம்’ எழுதியவர் கறோல் விசுவநாதபிள்ளை. அவரும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். பெர்சிவல் சென்னையில் 1855-இல் தொடங்கிய ‘தினவர்த்தமானி’க்குத் தாமோதரம்பிள்ளை ஆசிரியராக இருந்தார். பிற்காலத்தில் இருவரும் சைவத்துக்கே திரும்பினார்கள்.

மிஷன் கணக்கில் இது தோல்வி என்று எழுதப்பட்டது. அப்படிச் சுருக்கிவிட முடியாது. ஒரு மனிதன் ஆராய்ந்து ஏற்கவும் ஆராய்ந்து விலகவும் உரிமை உள்ளவன் என்பதைச் சுவிசேஷம் மறுக்கவில்லை. தாமோதரம்பிள்ளை பின்பு தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தபோது காட்டிய ஒப்புநோக்கும் ஒழுங்கு, அவர் மிஷன் கல்வியிலும் இதழ்ப் பணியிலும் பழகியது என்றே கருதுகிறேன்.

1855-இல் ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் வந்த அமெரிக்கத் தூதுக்குழு, ஆங்கில உயர்கல்வி மிஷனின் வேலையன்று என்று முடிவு செய்ததால் செமினரி மூடப்பட்டது. எழுதுகிறவர்களை உருவாக்கிய ஊற்று அடைபட்டது. அதற்குப் பின் உதயதாரகையை நெடுங்காலம் தாங்கியவர் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. 1886-இல் அவர் வெளியிட்ட ‘பாவலர் சரித்திர தீபகம்’ சைவப் புலவர், கிறிஸ்தவப் புலவர் என்று பாகுபடுத்தாமல் தமிழ்ப் புலவர் அனைவரையும் அகர வரிசையில் சேர்த்து எழுதிய நூல். அதில் தெரியும் விரிந்த மனம் இதழாசிரியர் ஒருவருக்கு வேண்டிய மனம்.

1876-இல் கத்தோலிக்கர் தம் பங்குக்கு யாழ்ப்பாணத்தில் ஆயர் பொஞ்சியன் காலத்தில் ‘சத்தியவேத பாதுகாவலன்’ தொடங்கினார்கள். கொழும்பில் சித்திலெப்பை 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ கொண்டுவந்தார். 1889-இல் சைவ பரிபாலன சபையின் ‘இந்து சாதனம்’ வந்தது. ஐம்பது ஆண்டுக்குள் ஒவ்வொரு சமயத்தாருக்கும் அச்சகமும் ஆசிரியரும் அமைந்தது நீதியான வளர்ச்சி. மிஷன் அச்சகத்தின் தயவில் சைவரோ முஸ்லிம்களோ பேசவேண்டிய நிலை போனது நல்லதே. ஆனால் கூடவே ஒன்று போய்விட்டது. தனித்தனி வீடு கட்டிக்கொண்டவர்கள் பொதுத் திண்ணையை விட்டதுபோல, மறுதரப்பின் கடிதத்தை அச்சிடவேண்டிய தேவை எந்த இதழுக்கும் இல்லாமற்போனது. கண்டனம் தொடர்ந்தது. உரையாடல் மெலிந்தது.

உதயதாரகையின் திண்ணையும் எல்லாருக்கும் திறந்திருந்தது என்று சொல்ல முடியாது. செமினரி மாணவர்களில் பெரும்பாலோர் வெள்ளாளர். நாவலரோடு வாதிட்டவர்களும் நாவலரும் பெரும்பாலும் ஒரே சாதிச் சமூகத்தின் கல்வியாளர்கள். இரு தரப்பும் மோதிக்கொண்ட அந்தப் பக்கங்களில் ஒடுக்கப்பட்ட சாதியாரைப் பற்றிப் பேசப்பட்டது. அவர்கள் பேச இடம் கிடைத்தது அரிது. கிறிஸ்துவின் பெயரால் நடந்த இதழுக்கு இது சிறு குறையன்று.

இருபதாம் நூற்றாண்டில் ஜே.வி. செல்லையா போன்றோர் ஆசிரியப் பொறுப்பேற்றார்கள். பத்துப்பாட்டை ஆங்கிலத்தில் பெயர்த்த அதே கையே திருச்சபைச் செய்தியும் எழுதியது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி யாழ்ப்பாணம் அதன் திருமண்டலங்களில் ஒன்றானபின், சபாபதி குலேந்திரன் பேராயராக இருந்துகொண்டே தமிழ் வேதாகமத்தின் வரலாற்றை ஆய்ந்து எழுதினார். அறிவும் விசுவாசமும் பிரியாத அந்த மரபு அதுவரை உயிரோடு இருந்தது. இன்றைய திருச்சபை இதழ்கள் பலவற்றைப் பார்க்கையில் மனம் கனக்கிறது. சுற்றறிக்கை, விழாப் படம், நன்றி அறிவிப்பு என்று பக்கங்கள் நிறைந்துவிடுகின்றன. திருமண்டலத் தேர்தல் வழக்குகள் நீதிமன்றங்களில் நிற்கின்றன. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்த்து இறந்தோரைப் பிரித்த சுவர் பொதுவெளியில் விவாதமாகிறது. இவற்றைப் பற்றிய கேள்வியும் எதிர்க்கடிதமும் முதலில் வரவேண்டிய இடம் திருச்சபையின் சொந்த இதழ்தான்.

ஆய்வாளர் செய்யவேண்டிய வேலையும் காத்திருக்கிறது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஈடுசெய்ய முடியாத பழைய ஏடுகள் அழிந்தன. போரிலும் இடப்பெயர்விலும் வீட்டுச் சேமிப்புகள் சிதறின. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து ஏடுகளை எண்ணிமமாக்கி வருகிறது. உதயதாரகை, பாதுகாவலன், நற்போதகம், அருணோதயம் போன்ற இதழ்களின் பழைய தொகுப்புகள் உங்கள் ஆலய அலுவலகத்திலோ பாட்டனார் பெட்டியிலோ இருந்தால், கறையான் முந்திக்கொள்வதற்குள் படியெடுக்கக் கொடுங்கள்.