கீழவாஞ்சூர்: இறையாண்மை வரலாறு

கீழவாஞ்சூர், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால் மாவட்டத்தில், திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த கடலோர ஊர். தெற்கே தமிழ்நாட்டின் நாகூர். கிழக்கே கடலும் மற்றப் பக்கங்களில் தமிழ்நாடும் சூழ்ந்த காரைக்கால், ஆட்சியுரிமை கைமாறும் முறையே காலந்தோறும் மாறியதற்குச் சான்று.

18ஆம் நூற்றாண்டில் இப்பகுதி தஞ்சை மராட்டிய அரசர்களுடையது. அரியணைப் போட்டியில் பணமுடையில் இருந்த சாகுஜி, 1738இல் காரைக்காலைத் தருவதாகப் புதுச்சேரி பிரெஞ்சு ஆளுநர் துய்மாவிடம் ஒப்புக்கொண்டு பின்வாங்கினார். கர்நாடக நவாபின் மருமகன் சந்தா சாகிபின் படை துணைநிற்க, 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர் அதை அடைந்தனர். பிறகு ஆங்கிலேயர் பலமுறை கைப்பற்றினர்; 1814 பாரிஸ் உடன்படிக்கையின்படி 1817இல் மீண்டும் பிரான்சிடம் வந்தது. இவற்றில் எதிலும் குடிமக்களை யாரும் கேட்கவில்லை.

1946 பிரெஞ்சு அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு, மக்கள் ஒப்புதலின்றி நிலத்தை விட்டுக்கொடுப்பது செல்லாது என்றது. மற்றொரு பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரின் மக்கள் 1949இல் நேரடியாக வாக்களித்து இந்தியாவில் இணைய முடிவெடுத்தனர். அதே ஆண்டு இந்தியா பிரான்சுடனான சுங்க உடன்பாட்டை முடித்துக்கொள்ள, பிரெஞ்சுப் பகுதிகளின் எல்லைகளில் கெடுபிடி கூடியது. காரைக்கால் உள்ளிட்ட மற்ற நான்கு பகுதிகளுக்கு நேரடி வாக்கெடுப்பு நடக்கவில்லை. 1954 அக்டோபர் 18இல் புதுச்சேரிப் பகுதியின் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர்.

நவம்பர் 1 முதல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. ஆனால் சட்டப்படி இறையாண்மை பிரான்சிடமே இருந்தது. அதை இந்தியாவுக்கு மாற்ற 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடைமுறைக்கு வந்தது. 1954 முதல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆள்வது ஓர் அரசு, உரிமை இன்னோர் அரசுக்கு என்ற நிலை. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் அங்கே பிறந்து வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்களாயினர். விரும்பியோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்கலாம் என்றும் ஒப்பந்தம் இடமளித்தது.

நாட்டெல்லை இன்று உள்நாட்டு எல்லை. நாகூருக்குப் போக கடவுச்சீட்டு வேண்டாம். ஆனால் மதுவரி வேறு என்பதால், எல்லை தாண்டும் வண்டிகளில் பாட்டில் இருக்கிறதா என்று தமிழகக் காவலர்கள் சோதிக்கிறார்கள். காரைக்கால் அடங்கிய புதுச்சேரிக்கு 1963 யூனியன் பிரதேச அரசுச் சட்டப்படி சட்டமன்றம் உண்டு. எனினும் அதன் சட்டம் நாடாளுமன்றச் சட்டத்துடன் முரண்பட்டால் பொதுவாக நாடாளுமன்றச் சட்டமே செல்லும். அந்தச் சட்டமன்றம் மாநிலத் தகுதி கேட்டுப் பலமுறை தீர்மானம் நிறைவேற்றியுள்ளது.