முதோளா, ராஜபாளையமா? தங்கவயலில் ஒரு ‘சாதி நாய்’க் கேள்வி

கோலார் தங்கவயலில் காவலுக்கு ஒரு முரட்டு நாட்டு இன நாயைத் தேடுவோர் முன் இன்று இரண்டு பெயர்கள் வந்து நிற்கின்றன. ஒன்று வடகருநாடகத்தின் முதோள்; மற்றொன்று தென்தமிழகத்தின் ராஜபாளையம். தமிழர் பெருந்தொகையாக வாழும் இந்த ஊர் கருநாடக மாநிலத்துக்குள் இருக்கிறது. ஆகவே நாயைத் தேர்ந்தெடுப்பதுகூட எந்த மாநிலத்து நாய், யாருடைய பெருமை என்ற பேச்சாக எளிதில் மாறிவிடும். அந்தப் பேச்சுக்கு வரலாற்றில் இடமில்லை என்பதிலிருந்து தொடங்கலாம்.

முதோள் நாயை வளர்த்துப் பேர் வாங்கித் தந்தவர்கள் கன்னட அரசர்கள் அல்லர். முதோள் சமஸ்தானத்தை ஆண்ட கோர்படே என்னும் மராட்டியக் குடும்பத்தார். அந்த மரபில் வந்த மாலோஜிராவ் இங்கிலாந்தின் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு ஓர் இணையைப் பரிசளித்ததாகச் சொல்வர். மராட்டிய நாட்டில் இதே வகை ‘கார்வான்’ எனப்படுகிறது. அதன் மெலிந்த உடலும் நீண்ட முகமும் மேற்காசியாவின் சலுக்கி நாயை நினைவூட்டுவன. ராஜபாளையம் நாயோ, விஜயநகரக் காலத் தொடர்புடன் தெற்கே வந்து குடியேறிய, தெலுங்கு பேசும் ராஜுக்களின் ஊர்ப் பெயரைத் தாங்குகிறது. ஆக, ‘கன்னட நாய்’க்கு மராட்டியத் தொட்டில், ‘தமிழ் நாய்’க்குத் தெலுங்கு முற்றம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் தங்கவயலுக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை.

இந்த இரண்டையும் பிரித்தது மொழியன்று, தொழில். முதோள், கண்ணால் இரையைக் கண்டு ஓடிப் பிடிக்கும் நாய். தக்காணத்தின் மரமற்ற கரிசல் வெளியில் முயலைத் துரத்துவதற்கென வாய்த்த உடல் அது: ஒட்டிய வயிறு, ஆழ்ந்த மார்பு, நீண்ட கால். ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் சேர்த்து வளர்க்கப்பட்டது. உயரத்தில் பெரிய வேறுபாடில்லை. எலும்பில் கனமும் குணத்தில் இறுக்கமும் கூடுதல். வளர்த்தவரோடு ஒட்டிக்கொள்ளும், அயலாரை எளிதில் ஏற்காது. கர்நாடகப் போர்களிலும் பாளையக்காரர் போர்களிலும் இந்த நாய்கள் வெள்ளையர் படையைத் தாக்கின என்ற கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. வாய்மொழி மரபாக அதை மதிக்கலாம். சான்றாக எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன்.

என்னை இங்கே நிறுத்துவது வேறொரு சொல். தமிழில் இத்தகைய நாயைச் ‘சாதி நாய்’ என்கிறோம், அல்லாதது தெருநாய். அயோத்திதாசரின் தமிழ்ப் பௌத்தம் வேர்பிடித்த ஊர், அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழை அவர் மறைவுக்குப் பின் ஜி. அப்பாதுரையார் மீண்டும் நடத்திய ஊர், தங்கவயல். அந்த மண்ணில் இச்சொல்லைக் கூச்சமின்றி ஒலிக்க முடியுமா? இது வெறும் சொல்விளையாட்டன்று. இலண்டனில் நாய் இனங்களுக்குப் பதிவேடு வைக்கும் கென்னல் கிளப் தோன்றியது 1873இல். இந்தியாவில் சாதிகளை எண்ணிய முதல் பெரிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871-72. சிறிது காலம் கழித்து எட்கர் தர்ஸ்டன் சென்னை மாகாணத்தில் மனிதர்களின் மூக்கை அளந்துகொண்டிருந்தார். இலட்சண அளவும் வம்சாவளிப் பதிவும் கலப்பின் மீதான அச்சமும் நாய்க்கும் மனிதருக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுதப்பட்டவை.

தூய்மைக்கு விலையும் உண்டு. ராஜபாளையம் என்றால் பால்வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு என்றே சந்தை கேட்கிறது. நிறமி குறைவதற்கும் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கும் தொடர்பு உண்டு. இந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பது நெடுநாள் சிக்கல். அழகுக்காகத் தேர்ந்தெடுத்தே காவல் நாயின் காதைக் கெடுத்திருக்கிறோம்.

தங்கவயலில் ‘காவல்’ என்பதும் நடுநிலையான சொல்லன்று. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய சுரங்கங்களுக்கு வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்கள் குடியிருந்தவை மூங்கில் தட்டி அடைத்த லைன் வீடுகள். திருட்டு என்று அரசும் கம்பெனியும் பேசியபோதெல்லாம் ஐயம் விழுந்தது அத்தொழிலாளர் மீதே. பொன் கலந்த கல்லை வைத்திருப்பதைக் குற்றமாக்க மைசூர் அரசு தனிச்சட்டமே இயற்றியது. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். காவல் என்பது அவர்களுக்கு எதிராக வைக்கப்பட்டதாகவே இருந்தது. அவர்களின் கொள்ளுப்பேரர் இன்று அரண்மனைகளும் நிலக்கிழார்களும் வளர்த்த நாயைத் தம் வாசலில் கட்ட நினைப்பதை ஆசை என்று ஒதுக்க மாட்டேன். அதில் ஒரு உரிமைக்கோரலும் இருக்கிறது.

ஆனால் அந்த நாய்களின் வேலையும் போய்விட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்தது. (தங்கச் சுரங்கம் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பெயரைப் பெற்றதும் அதே ஆண்டுதான்; 2001 பிப்ரவரி 28இல் அதுவும் மூடப்பட்டது.) பின்னர் 2005இல் இரண்டு நாய்களும் அஞ்சல்தலையில் ஏறின. 2016இல் முதோள் குட்டிகள் பயிற்சிக்காக மீரட்டிலுள்ள இராணுவ மையத்துக்குச் சென்றன. 2020இல் பிரதமரின் வானொலி உரையில் இரண்டின் பெயரும் ஒலித்தது. விலை ஏறுவதற்கு இவை போதும். எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்பதற்கு இவை விடையாகா.

என் கணக்கு இது. சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீட்டுக்கு இரண்டுமே ஆகா. ஓட இடமில்லாத முதோள் நொந்துபோகும். அண்டை வீட்டுக் குழந்தைகள் நாள் முழுதும் புழங்கும் வாசலில் ராஜபாளையம் வம்பை இழுத்து வரும். அங்கே தெருவிலேயே பிறந்து, தெருவை அறிந்த நாய் போதும். சாதி கேட்க வேண்டாம். சுற்றுச்சுவரும், பகலில் ஆளும் உள்ள வீடானால் ராஜபாளையத்தையே சொல்வேன். நாள்தோறும் காலையில் திறந்த வெளிக்குக் கூட்டிச்செல்லக்கூடிய இளைஞர் இருந்தால் முதோள். அதற்காகச் சயனைடு மேடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஆலைக்கழிவு குவிந்த அந்தப் புழுதி மனிதருக்கும் ஆகாது, நாய்க்கும் ஆகாது. ராஜபாளையம் என்று முடிவானால், குட்டியை அதன் கூட்டத்திலிருந்து தனியே பிரித்து, அது பார்க்காதபோது பின்னாலிருந்து ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். திரும்பினால் மட்டும் விலை பேசுங்கள்.