சாலியின் குமரி

பேச்சிப்பாறை அணைக்கரையில் நின்று தெற்கே பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சாலியின் ஞாபகம் வரும். மணிமேகலையில் வருகிற வாரணாசிப் பார்ப்பனி. கணவனைத் தாண்டிய பாவம் தீரக் குமரியாட வந்தவள், வழியில் பெற்ற பிள்ளையை இருட்டில் ஒரு தோட்டத்தில் போட்டுவிட்டுப் போனாள். பசு பாலூட்டியது; அவன் ஆபுத்திரன். வேள்விப் பசுவை மீட்டவனைப் பார்ப்பனர்கள் பிறப்பைச் சொல்லி ஏச, அவன் சிரிக்கிறான்: உங்கள் முனிவர் இருவரும் தெய்வக் கணிகை பெற்றவர்கள்தானே (வசிட்டன், அகத்தியன் என்பார்கள் உரைகாரர்கள்), சாலியிடம் மட்டும் என்னய்யா தப்பு?

பௌத்தம் காமத்துக்குக் கொடி பிடிக்கவில்லை. பிறன்மனை நாடாமை ஐந்து சீலங்களில் ஒன்று. இதே காப்பியம் ஆதிரையின் கற்பையும் போற்றத்தான் செய்கிறது. நம் விமர்சகர்கள் இதைச் சௌகரியமாகத் தாண்டிவிடுவார்கள். ஆனால் அமுதசுரபி சாலியின் பிள்ளை கையிலிருந்துதான் கணிகை மகள் மணிமேகலைக்கு வருகிறது. அதில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை.